பிராக் நகருக்கு முதன்முறை செல்வோருக்கு: எங்கே என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

செக் குடியரசின் தலைநகரான பிராகில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்த இடங்களுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலானோர் சொல்வதில்லை. சார்லஸ் பாலத்தின் மீது கோடைக்காலத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்கு நிற்பவரும் நண்பகலில் நிற்பவரும் ஒரே பாலத்தைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள். முன்னவர் வல்தாவா ஆற்றின் மீது கலையும் பனியையும், இருபுறமும் வரிசையாக நிற்கும் சிலைகளையும், மேட்டின் மீது வெயில் படத் தொடங்கும் கோட்டையையும் காண்பார். பின்னவர் தமக்கு முன்னே நடப்பவரின் முதுகுப்பையைக் காண்பார். ஆகவே மூன்று இரவுகள் தங்குவதாக வைத்துக்கொண்டு, நேரத்தை அடிப்படையாக்கி இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பல தலைநகரங்கள் இடிபாடுகளாக மாறியபோது, பிராக் ஒப்பீட்டளவில் சிறிய சேதத்துடன் தப்பியது. அதனால் பதினோராம் நூற்றாண்டு வட்டக் கோயிலிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாடிக் கட்டடம் வரை எல்லாம் நடந்தே சென்று பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. அதன் வரலாற்று மையம் 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

புறப்படுவதற்கு முன்

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் பகலின் நீளத்தையும் பாருங்கள். ஜூன் மாத இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்து, இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மறைகிறது. டிசம்பரிலோ காலை எட்டு மணியளவில் உதித்து மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. என் தேர்வு ஏப்ரல் இறுதி முதல் மே வரை, அல்லது செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டம் அதிகம். குளிர்காலத்துக்கும் ஒரு சலுகை உண்டு: சூரிய உதயத்தைப் பார்க்க ஏழரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் போதும், தூக்கம் கெடாது. டிசம்பரில் பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தையும் கூடுகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி. விதி அப்படி இருந்தாலும், விசா மையங்களில் நேரம் கிடைப்பதே கோடைக்கு முன்பு கடினமாகிவிடுவதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடும் கட்டாயம். பிராகுடன் வியன்னாவையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரு நகரங்களுக்கும் இடையே ரயிலில் சுமார் நான்கு மணி நேரம் ஆகும்.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய நகரத்தின் தெருக்கள் பெரும்பாலும் கருங்கல் பதித்தவை. உருண்டு புடைத்திருக்கும் பெரிய கற்களைச் செக் மக்கள் ‘பூனைத்தலைகள்’ என்றே சொல்கிறார்கள். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்புடன் அந்தத் தலைகளின் மீது ஒரு நாள் நடந்தால் மறுநாள் அறையிலேயே இருக்க நேரிடும்.

பணம்: மூன்று மணி நேர விதி

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அல்ல, கொருனா. சுற்றுலாப் பகுதியில் சில கடைகள் யூரோவை வாங்கிக்கொள்ளும். ஆனால் அவர்கள் கணக்கிடும் மாற்று விகிதம் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அட்டையில் செலுத்தலாம் என்பதால் கையில் கொஞ்சம் கொருனா இருந்தால் போதும். அதையும் வங்கியின் பெயர் பொறித்த ஏடிஎம்மில் எடுங்கள். அட்டையைச் செருகியதும் ‘ரூபாயில் கணக்கிடவா, கொருனாவிலா’ என்று இயந்திரம் கேட்டால் கொருனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் இயந்திரத்தின் உரிமையாளர் வைத்த விகிதமே உங்கள் தலையில் விழும்.

நாணயமாற்றுக் கடைகளில் ‘தரகு இல்லை’ என்ற பலகையை நம்பி நுழைய வேண்டாம். தரகு இல்லாமல் இருக்கலாம், விகிதத்திலேயே அதை எடுத்திருப்பார்கள். இந்த ஏமாற்று அதிகமானதால் 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் திரும்பச் சென்று ரத்து செய்ய முடியும். எனவே ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். தெருவில் அருகில் வந்து ‘நல்ல விகிதம் தருகிறேன்’ என்பவரிடம் எந்தச் சட்டமும் உதவாது. அவர் தரும் நோட்டு வேறொரு நாட்டின் செல்லாத பணமாக இருக்கலாம்.

பொதுக் கழிப்பறைகளுக்குப் பெரும்பாலும் சில்லறை நாணயம் தேவைப்படும் என்பதால் பத்து, இருபது கொருனா நாணயங்களைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

வந்து இறங்கியதும்

வாட்ஸ்லாவ் ஹாவல் விமான நிலையத்திலிருந்து 59-ஆம் எண் மின்பேருந்து, மெட்ரோவின் பச்சை நிற ஏ தடத்தில் உள்ள நாட்ராஷி வெலெஸ்லவீன் நிலையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து அதே தடத்தில் பழைய நகரம், ஆற்றின் மறுகரையில் கோட்டையின் அடிவாரத்தில் உள்ள சிறிய நகரம், வாட்ஸ்லாவ் சதுக்கம் ஆகிய மூன்றுக்கும் நேராகப் போய்விடலாம்.

பயணச்சீட்டு இங்கே தொலைவுக்கு அல்ல, நேரத்துக்கு விற்கப்படுகிறது: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம். அந்த நேரத்துக்குள் மெட்ரோ, டிராம், பேருந்து எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். விமான நிலையத்திலிருந்து வருவதற்கு 90 நிமிடச் சீட்டு பொருத்தம். மூன்று இரவுகள் தங்குவோர் 72 மணி நேரச் சீட்டையே நேரடியாக வாங்கிவிடலாம். காகிதச் சீட்டை முதல்முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தக் கணத்திலிருந்துதான். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். மெட்ரோவில் நுழைவுத் தடுப்புக் கதவுகள் இல்லாததால் யாரும் சோதிப்பதில்லை என்று புதியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் அடையாள வில்லையை நீட்டும்போது அந்த எண்ணம் அபராதத்தில் முடிகிறது. இரண்டாவது முறை முத்திரையிடுவதும் தவறு. ஒரு சீட்டுக்கு ஒரே முத்திரை.

மெட்ரோ நள்ளிரவுடன் நின்றுவிடும். அதன் பிறகு தொண்ணூறுகளில் எண்ணிடப்பட்ட இரவு டிராம்கள் விடியும்வரை ஓடும். நகரும் படிக்கட்டில் வலப்புறம் நின்று, விரைந்து செல்வோருக்கு இடப்புறத்தை விட வேண்டும். ஆழ்ந்த நிலையங்களில் இது வெறும் நாகரிகம் மட்டுமல்ல: நாமியெஸ்டி மீரு நிலையம் தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது, அதன் படிக்கட்டின் நீளம் 87 மீட்டர். டாக்சி தேவைப்பட்டால் செயலி வழியாக அழையுங்கள். சதுக்கங்களில் காத்து நிற்கும் வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது.

தங்குவதற்கு வினோஹ்ராடி பகுதியை நான் பரிந்துரைப்பேன். பழைய நகரத்துக்குள் தங்கினால் நடை மிச்சமாகும். ஆனால் வாடகையும் கூடும், இரவின் கூச்சலும் கூடும். வினோஹ்ராடியில் மரங்கள் நிழலிடும் தெருக்களும், உள்ளூர்வாசிகள் காலை உணவு உண்ணும் சிறு கடைகளும் உண்டு. 22-ஆம் எண் டிராம் அங்கிருந்தே கோட்டை வரை போகிறது.

முகவரி தேடும்போது வீட்டுச் சுவரில் இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். சிவப்புத் தகட்டில் இருப்பது அந்தப் பகுதியின் பதிவேட்டு எண். நீலத் தகட்டில் இருப்பதே தெருவின் வரிசை எண். 1770-இல் எண்கள் வருவதற்கு முன்பு வீடுகள் சின்னங்களாலேயே அறியப்பட்டன. கோட்டையிலிருந்து இறங்கும் நெருடா தெருவில் இரண்டு சூரியன்கள், மூன்று வயலின்கள் முதலிய சின்னங்களை வாசல்களின் மேல் இன்றும் காணலாம்.

முதல் மாலை: கடிகாரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வந்து சேர்ந்த அன்று அதிகம் திட்டமிட வேண்டாம். பழைய நகரச் சதுக்கத்துக்குச் சென்று வானியல் கடிகாரத்தின் முன் நின்றால் போதும். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூட்டு உருவம் கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரண்டு சாளரங்களில் பன்னிரண்டு திருத்தூதர்கள் வரிசையாகக் கடந்து போக, கடைசியில் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காகக் கால்மணி நேரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டம் ‘இவ்வளவுதானா’ என்று கலையும்போதுதான் நீங்கள் முன்னே போக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது பொம்மைகளை அல்ல, முகப்பை.

1410-ஆம் ஆண்டில் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கலைஞர் இதைச் செய்தார். வானியல் கணக்கில் அவருக்கு உதவியவர் யான் ஷிண்டெல் என்ற அறிஞர் என்கிறார்கள். கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்றும், அவர் கண்களை நகர மன்றத்தார் குருடாக்கினார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்லும் கதைக்கு ஆதாரமில்லை. முகப்பின் நடுவே நீலமாகத் தெரிவது பூமி. அதைச் சூரியன் சுற்றுகிறது, ஏனெனில் அன்றைய உலகம் அப்படித்தான் இருந்தது. சூரியக் கம்பியில் உள்ள பொற்கை ரோமன் எண்களில் காட்டுவது இன்றைய நேரம். அதற்கும் வெளியே உள்ள வளையத்தில் 1 முதல் 24 வரை பழைய எழுத்தில் எண்கள் இருக்கும். அது சூரியன் மறையும் கணத்திலிருந்து எண்ணும் பழைய செக் நேரம். ஆகவே அந்த வளையம் பருவத்துக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வளைந்து செல்லும் பொற்கோடுகள் பகலை, அது நீண்டதானாலும் குறுகியதானாலும், பன்னிரண்டு சம பாகமாகப் பிரிக்கின்றன. சூரிய உதயத்திலிருந்து அத்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரித்து ராகுகாலம் கணிக்கும் முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது சட்டென்று விளங்கிவிடும். கோடையில் ஒரு ‘மணி’ நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். சிறிய வளையத்தில் சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்பதும் தெரியும். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இயந்திரம் இத்தனையையும் ஒரே முகத்தில் சொல்கிறது.

கடிகாரத்தை ஒட்டிய கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதால் வயதானவர்களும் மேலே சென்று நகரைப் பார்க்கலாம். கீழே நகர மண்டபத்தை ஒட்டி ஏன் ஒரு காலியிடம் கிடக்கிறது என்று தோன்றினால், காரணம் 1945 மே. நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிராக நகர மக்கள் நடத்திய எழுச்சியின் இறுதி நாள்களில் ஜெர்மானியப் படைகளால் மண்டபம் எரிந்தது, கடிகாரமும் சிதைந்தது. கடிகாரத்தைச் சரிசெய்தார்கள், இடிந்த பகுதியை மீண்டும் கட்டவேயில்லை. மண்டபத்தின் எதிரே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். அன்று நாட்டை ஆண்ட ஹப்ஸ்பர்க் வம்சப் பேரரசருக்கு எதிராக எழுந்த 27 தலைவர்கள் 1621 ஜூன் 21 அன்று இங்கே தூக்கிலிடப்பட்டும் தலை வெட்டப்பட்டும் கொல்லப்பட்டார்கள். பலர் தெரியாமலே அவற்றின் மீது நடந்து போகிறார்கள்.

இரண்டாம் நாள்: விடியலில் பாலம், ஒன்பது மணிக்குக் கோட்டை

சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பாகப் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தின் கீழ் நின்றுவிடுங்கள். மன்னர் நான்காம் சார்லஸ் இந்தப் பாலத்துக்கு 1357-ஆம் ஆண்டு ஏழாம் மாதம் ஒன்பதாம் நாள் காலை 5 மணி 31 நிமிடத்தில் அடிக்கல் நாட்டினார் என்று சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்ற வரிசையில் எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என்று ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும். நாளும் கோளும் பார்த்த மன்னருக்குச் சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் என்பது கதை. ஆண்டு உறுதியானது, நிமிடத்தை நம்புவது உங்கள் விருப்பம். ஆனால் பாலத்தைப் பார்க்கும் நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பரிந்துரை கிடையாது.

516 மீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்ட இந்தப் பாலந்தான் 1841 வரை இங்கே ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம். இருபுறமும் உள்ள சிலைகளில் பெரும்பாலானவை 1683-க்கும் 1714-க்கும் இடையே வைக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றின் மூலச் சிலைகளை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்று நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள். மிகப் பழையது நெபோமுக் ஊர் யானின் வெண்கலச் சிலை. 1393-இல் மன்னரின் ஆணைப்படி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்ட குரு அவர். சிலையின் அடியில் உள்ள வெண்கலப் புடைப்புகளைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று வருவோரெல்லாம் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்போலப் பளபளக்கிறது.

பாலத்தைக் கடந்து சிறிய நகரத்தில் காலை உணவை முடித்துக்கொண்டு, அங்குள்ள சதுக்கத்திலிருந்து 22-ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டை நிறுத்தத்தில் இறங்காமல் அதற்கும் மேலே போஹோர்செலெட்ஸ் நிறுத்தம் வரை செல்லுங்கள். பெரும்பாலானோர் கீழிருந்து செங்குத்தான படிகளில் ஏறி, கோட்டை வாசலை அடையும்போதே களைத்துவிடுகிறார்கள். மேலிருந்து தொடங்கினால் நாள் முழுவதும் இறக்கம்தான். ஸ்டிராஹோவ் மடத்தின் அருகிலிருந்து நகரம் முழுவதையும் பார்த்துவிட்டு, லொரேட்டா கோயிலைத் தாண்டி ஒன்பது மணிக்குக் கோட்டையை அடையலாம். இந்த டிராமில் பணப்பையை உள்பையில் வையுங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் ஏறும் தடம் என்பது ஜேப்படித் திருடர்களுக்கும் தெரியும்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. உள்ளே உள்ள கட்டடங்களுக்கு மட்டும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு இரண்டு நாள்களுக்குச் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை நண்பகல் வரை அனுமதிப்பதில்லை. இந்த நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டாம்.

புனித வைட்டஸ் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344-இல், கட்டி முடித்தது 1929-இல். இடையில் போர்களும் பணமின்மையும் வந்து பாதிக் கோயிலாகவே நூற்றாண்டுகள் நின்றது. நுழைந்ததும் நீங்கள் நிற்கும் மேற்குப் பகுதிதான் புதியது. பலிபீடத்தை நோக்கி நடக்க நடக்கப் பழமைக்குள் போகிறீர்கள். இடப்புறம் மூன்றாவதாக உள்ள வண்ணக்கண்ணாடிச் சாளரம் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்தது, 1931-இல் வைக்கப்பட்டது. அதன் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள்: செலவை ஏற்ற ஸ்லாவியா வங்கியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். கோயில் மின்விளக்கில் உபயதாரர் பெயரைப் படித்து வளர்ந்த நமக்கு அது வியப்பைத் தராது. வலப்புறம் புனித வாட்ஸ்லாவ் சிற்றாலயத்தின் ஒரு கதவுக்குப் பின்னே அரச முடி இருக்கிறது. அதன் ஏழு பூட்டுகளின் ஏழு சாவிகளும் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் முதலிய ஏழு பேரிடம் பிரிந்திருப்பதால் எல்லோரும் ஒன்றுகூடினால்தான் திறக்கும்.

பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபத்தின் படிக்கட்டு ஏன் அவ்வளவு அகலமாக, தாழ்வாக இருக்கிறது என்றால், வீரர்கள் குதிரை மீதே ஏறி உள்ளே வந்து ஈட்டிப்போர் ஆடினார்கள். அதை ஒட்டிய அறையின் சாளரத்திலிருந்துதான் 1618 மே 23 அன்று பேரரசரின் இரண்டு ஆளுநர்களையும் ஒரு செயலரையும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கிக்கொண்டார் என்று கத்தோலிக்கர்களும், குப்பைமேடு தாங்கிக்கொண்டது என்று மற்றவர்களும் சொன்னார்கள். அதிலிருந்து தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் நடந்தது.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் முற்றத்தில் காவலர் மாற்றம் நடக்கும். அவர்கள் அணியும் நீலச் சீருடை பழமையானதல்ல. கம்யூனிச ஆட்சி விழுந்தபின் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவல், ஆஸ்கர் விருது பெற்ற ஆடை வடிவமைப்பாளர் தியோடர் பிஷ்டெக்கைக் கொண்டு 1990-இல் வடிவமைக்கச் செய்தது. பொன் சந்தில் 22-ஆம் எண் சிறுவீட்டில் 1916–17-இல் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா எழுதினார். கூட்டம் தாங்காவிட்டால் அதை விட்டுவிடலாம். பிறகு நெருடா தெரு வழியே இறங்கி, புனித நிக்கோலஸ் ஆலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே சற்று உட்கார்ந்து எழுந்தால் இரண்டு மணியாகியிருக்கும். கால்கள் அதற்குமேல் கேட்காது.

உண்பதும் பேசுவதும்

வார நாள்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை பல உணவகங்கள் வாசலில் கரும்பலகை வைத்து ‘பொலெட்னீ மெனு’ என்ற மதிய உணவை மலிவாகத் தருகின்றன. உள்ளூர் அலுவலர்கள் உண்பது அதுவே. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்த ஊர்ச் சமையலின் அடிப்படை. பாலேடு சேர்த்த குழம்பில் மாட்டிறைச்சித் துண்டுகளும் வேகவைத்த மாவுருண்டை வில்லைகளும் வரும் ஸ்விச்கோவா எங்கும் கிடைக்கும். சைவர்கள் பொரித்த பாலாடைக்கட்டியையும், உருளைக்கிழங்கு அடையான பிராம்போராக்கையும், காளானும் சோயிக்கீரையும் சேர்த்த குலைடா சூப்பையும் நம்பலாம். குலைடாவில் முட்டை இருக்கும். அடையில் பன்றிக்கொழுப்பில் பொரித்த வாசம் இருக்கலாம். ஆகவே ‘பெஸ் மஸா’, அதாவது இறைச்சியின்றி, என்று சொன்ன பிறகும் ‘பன்றித்துண்டும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லுங்கள். அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் உண்டு. தட்டை எடைபோட்டு விலை கேட்கும் இந்திய சைவ உணவகங்களும் நகரத்தில் இருக்கின்றன. தெருவெங்கும் சுழலும் குழாய் வடிவ இனிப்பான டிர்டெல்னீக்கை ‘பழைய செக் பண்டம்’ என்று விற்பார்கள். சுவையானது, ஆனால் பிராகில் அது அண்மைக்காலச் சுற்றுலா வரவு.

உலகிலேயே தலைக்கு அதிகமாகப் பீர் குடிக்கும் நாடு இது. பழைய மதுக்கூடங்களில் நீங்கள் குடித்த ஒவ்வொரு குவளைக்கும் மேசையில் உள்ள சீட்டில் பரிசாரகர் ஒரு கோடு இழுப்பார். அதைத் தொலைக்கக் கூடாது. மது அருந்தாதவர்கள் 1960-இல் இங்கே உருவான கோஃபோலா என்ற மூலிகை மணமுள்ள பானத்தைக் கேட்கலாம். மேசையில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் விலை உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. காலிப்புட்டியை எடுத்துச் செல்லுங்கள். உணவு நன்றாக இருந்தால் பத்து விழுக்காடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

செக் மொழியின் உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு: அதிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் நெடில். அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில். நம் ‘ஞ்’ ஒலிக்கும் அங்கே தனி எழுத்து உண்டு. கடைக்குள் நுழையும்போது ‘டோப்ரீ டென்’ என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றும். ‘ப்ரோசீம்’ தயவுசெய்து, ‘டியெகுயி’ நன்றி. ஒரு எச்சரிக்கை: ‘ஆமாம்’ என்பதற்கு ‘அனோ’ என்பார்கள், பேச்சில் அதைச் சுருக்கி ‘நோ’ என்றும் சொல்வார்கள். பரிசாரகர் ‘நோ, நோ’ என்று தலையாட்டினால் அவர் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள்: யூதர் பகுதி காலையில், இசை இரவில்

யோசெஃபோவ் எனப்படும் யூதர் பகுதியின் தொழுகைக்கூடங்களும் இடுகாடும் சனிக்கிழமையும் யூதர் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும். திறக்கும் நேரத்துக்கே சென்று முதலில் பின்காஸ் தொழுகைக்கூடத்துக்குள் நுழையுங்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் சுவர்கள் முழுவதும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கம்யூனிச ஆட்சியில் ஈரத்தைக் காரணம் காட்டி மூடப்பட்டு அவை அழிந்துபோனதால், தொண்ணூறுகளில் மீண்டும் எழுதினார்கள். மாடியில் நாஜிகளின் டெரெசீன் முகாமில் இருந்த குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. கூட்டம் வந்த பிறகு அந்த அறைகளில் நிற்க முடியாது. வெளியே பழைய இடுகாட்டில் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து நிற்கின்றன. விரிவாக்க இடமில்லாததால் மண்ணை மேலே மேலே கொட்டிப் பல அடுக்குகளாகப் புதைத்தார்கள். 1439-இலிருந்து 1787 வரையிலான கற்கள் அவை. அருகில் யூதர் நகர மண்டபத்தில் எபிரேய எழுத்துகளுடன் ஒரு கடிகாரம் உண்டு. எபிரேயம் வலமிருந்து இடமாகச் செல்வதால் அதன் முட்களும் இடஞ்சுழியாகவே சுற்றுகின்றன.

அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் யான் பலாஹ் சதுக்கம். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தத்துவப் புலம் அங்கேதான் இருக்கிறது. 1968-இல் நடந்த சோவியத் படையெடுப்புக்குப் பின் 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவர் பலாஹ் அங்கே படித்தவர். தமிழ் வாசகர் இங்கே சிறிது நிற்க இன்னொரு காரணமும் உண்டு. 1348-இல் நிறுவப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் இதே நகரில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவலபில். அந்தப் படையெடுப்புக்குப் பின் அவர் நாட்டை விட்டுச் சென்று, பிறகு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பிற்பகலில் பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள டீன் ஆலயத்துக்குச் சென்றால் வானியலாளர் டைக்கோ பிராகேயின் கல்லறையைப் பார்க்கலாம். 1601-இல் அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற அளவீடுகளைக் கொண்டுதான் கெப்ளர் இந்த நகரத்தில் இருந்தபடி கோள்கள் நீள்வட்டத்தில் செல்வதைக் கண்டறிந்தார். முதல் மாலை பார்த்த கடிகாரத்தின் உலகம் உடைந்தது அதிலிருந்து சற்றுத் தள்ளித்தான்.

இரவை இசைக்கு ஒதுக்குங்கள். மொசார்ட்டின் டான் ஜியோவானி என்ற இசைநாடகம் 1787 அக்டோபர் 29 அன்று அவரே நடத்த முதன்முதலில் அரங்கேறிய எஸ்டேட்ஸ் அரங்கு இன்றும் இயங்குகிறது. பழைய காலத்து உடையில் தெருவில் நின்று சீட்டு விற்பவர்களிடம் வாங்காமல் அரங்கின் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். மேல் மாடி இருக்கைகள் மலிவு. மே மாதம் செல்வோர் 12-ஆம் தேதி, இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் நினைவு நாளில், தொடங்கும் பிராக் வசந்த விழாவுக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஜீன்ஸ் அணிந்து சென்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் உள்ளூர் மூதாட்டிகளின் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசி மாலை: விஷெஹ்ராடிலிருந்து ஆற்றங்கரை வழியே

விமானம் இரவிலோ மறுநாளோ என்றால், மாலை நான்கு மணியளவில் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் விஷெஹ்ராடுக்குச் செல்லுங்கள். ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும் பழைய கோட்டை மேடு. பதினோராம் நூற்றாண்டின் புனித மார்ட்டின் வட்டக்கோயில், கோட்டை மதில், மரங்கள். நுழைவுக் கட்டணமில்லை, கூட்டமுமில்லை. இடுகாட்டில் இசையமைப்பாளர்கள் ஸ்மெத்தனா, துவோர்ஷாக், ஓவியர் முகா, எழுத்தாளர் காரெல் சாப்பெக் ஆகியோர் இருக்கிறார்கள்.

1989 நவம்பர் 17 மாலையில் மாணவர்கள் இந்த இடுகாட்டுக்கு ஊர்வலமாக வந்து, இங்கிருந்து ஆற்றங்கரை வழியாக நகர மையத்தை நோக்கி நடந்தார்கள். அதே வழியில் நீங்களும் இறங்கி நடக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வழியில் 1945 குண்டுவீச்சில் காலியான மனையில் 1996-இல் எழுந்த ‘நடனமாடும் வீடு’ இருக்கிறது. அதைத் தாண்டி, மக்கள் தந்த நிதியில் கட்டி, 1881-இல் எரிந்து, மீண்டும் 1883-இல் திறந்த தேசிய அரங்கின் மூலையில் வலப்புறம் திரும்பினால் தேசியத் தெரு. காவல்துறை மாணவர்களை வழிமறித்து அடித்தது இங்கேதான். சில வாரங்களில் ஆட்சி வீழ்ந்தது. தெருவோர வளைவு நடையின் சுவரில், நிமிர்த்திய வெறுங்கைகளை வடித்த சிறிய வெண்கல நினைவுச்சின்னம் இருக்கும். எதிரே உள்ள கடைகளின் வெளிச்சத்தில் எளிதில் கண்ணில் படாது, தேடிப் பாருங்கள். வினோஹ்ராடிக்குத் திரும்ப 22-ஆம் எண் டிராம் இந்தத் தெருவிலேயே நிற்கும். ஏறும் முன் சீட்டின் 72 மணி நேரம் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.